நம்ம தென்காசி மாவட்டச் சங்கம், சென்னை – செயலாளர் ஆண்டறிக்கை 2025–26

தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, அண்ணாச்சிமாரே, அக்காமாரே, தம்பி தங்கச்சிகளே, எல்லாருக்கும் வணக்கம். பொதுக்குழுவுக்கு வர முடியாதவங்களும் படிக்கணும்னு தலைவர் சொன்னதால வாசிச்ச அறிக்கையை அப்படியே டைப் பண்ணி அனுப்புறேன், தயவுசெஞ்சு முழுசா படிங்க.

இந்த வருஷம் காலமான உறுப்பினர்களுக்கும் அவங்க குடும்பத்துக்கும் சங்கத்தோட அஞ்சலி. பொங்கல் விழா வடபழனியில வழக்கம்போல நடந்துச்சு. பத்தாவது, பன்னெண்டாவதுல நல்ல மார்க் எடுத்த பிள்ளைகளுக்கு பரிசு கொடுத்தோம். கண் பரிசோதனை முகாம் நடந்துச்சு. பண்டிகை நேரத்துல செங்கோட்டைக்கு கூடுதல் ரயில் விடணும்னு மனு கொடுத்திருக்கோம். இப்ப 60 நாளைக்கு முன்னாடிதான் புக்கிங், பொதிகை எக்ஸ்பிரஸ்ல டிக்கெட் திறந்த உடனே காலி ஆயிருது, இது எல்லாருக்கும் தெரிஞ்ச கஷ்டம்.

இனி மாவட்டக் கையேடு, அதாவது நம்ம தென்காசி மாவட்டத்தைப் பத்தி சங்கம் கொண்டு வர்ற புஸ்தகம். போன பொதுக்குழுவுல தீர்மானம் போட்டு எங்கிட்ட ஒப்படைச்ச வேலை இது. "இதுக்கு எதுக்கு செலவு, அந்தப் பணத்துல ஒரு டூர் போயிருக்கலாமே"ன்னு சில பேர் சொன்னது என் காதுக்கும் வந்துச்சு, அதனால கொஞ்சம் விரிவாவே சொல்லிடுறேன்.

சென்னையில பிறந்த நம்ம பிள்ளைககிட்ட சொந்த ஊர் எதுன்னு கேட்டா இன்னும் திருநெல்வேலின்னுதான் சொல்லுதுக. தென்காசி தனி மாவட்டமாகி வருஷக்கணக்காச்சு, 2019 நவம்பர் 22ல உதயமாச்சு. எட்டு தாலுகா, சுமார் 2,900 சதுர கிலோமீட்டர். எட்டு தாலுகா பேரையும் தடுமாறாம சொல்றவங்க பெரியவங்கள்லயே கம்மிதான். குற்றாலம், புரோட்டா, இந்த ரெண்டோட நம்ம ஊர் முடிஞ்சு போச்சுன்னு பிள்ளைக நினைச்சா அது நம்ம தப்புதான்னு நான் உறுதியா நம்புறேன்.

முதல்ல பூகோளம். மேற்குல மலை, அதுக்கு அந்தப்பக்கம் கேரளாவோட கொல்லம் ஜில்லா. மலைத்தொடர் ஆரியங்காவு பக்கம் கொஞ்சம் தாழ்ந்து வழி விடுது, அந்த வழியாத்தான் ரோடும் ரயிலும் போகுது, ஜூன் மாசம் தென்மேற்குக் காத்தும் சாரலும் அதே வழியாத்தான் உள்ள வருது. அதனாலதான் தமிழ்நாடு பூரா வெயில்ல காயுற நேரத்துல நமக்கு சீசன். சுரண்டைப் பக்கம் கரண்ட் எடுக்கிற காத்தாடி சுத்துறதும் அந்தக் காத்துலதான். ஆனா தென்காசியில இருந்து பஸ் ஏறி ஒன்னரை மணி நேரத்துல சங்கரன்கோவில் போயிட்டா சாரல் கிடையாது, திருவேங்கடம் பக்கம் கரிசல் காடு, வடகிழக்குப் பருவமழையை நம்பி மானாவாரி. ஒரே மாவட்டத்துக்குள்ள இவ்வளவு வித்தியாசம் இருக்கு. மலையடிவாரத்துல அடவிநயினார் 132 அடி, கடனா 85, ராமநதி 84, கருப்பாநதி 72, குண்டாறு 36 அடின்னு வரிசையா அணைகள், சீசன்ல முதல்ல நிரம்புறது அனேகமா சின்ன குண்டாறுதான். செண்பகவல்லி தடுப்பணை விஷயத்தையும் சேர்த்திருக்கேன். கேரளா காட்டுக்குள்ள இருக்கிற அந்தப் பழைய அணை உடைஞ்சதுல சிவகிரி, வாசுதேவநல்லூர் பக்கத்து விவசாயிக இன்னைக்கும் தண்ணிக்கு மனு போட்டுட்டு இருக்காங்க, இதை விட்டுட்டு எல்லை மாவட்டத்தைப் பத்தி எழுதுறதுல என்ன இருக்கு.

வரலாறுதான் ரொம்ப நேரம் பிடிச்சுது. காரணம், நம்ம மாவட்டத்தோட பழைய விவரம் ஒரே இடத்துல கிடையாது. தென்காசியும் சங்கரன்கோவிலும் வெள்ளைக்காரன் ஆண்ட திருநெல்வேலி ஜில்லா, செங்கோட்டை திருவிதாங்கூர் மகாராஜா சீமை. எழும்பூர் ஆவணக் காப்பகத்துலயும் கன்னிமாரா நூலகத்துலயும் உட்கார்ந்து திருநெல்வேலி கெசட்டியரை, அதாவது சர்க்கார் போட்ட ஜில்லா விவரப் புஸ்தகத்தைப் புரட்டினா செங்கோட்டை பக்கம் ஒன்னும் பெரிசா இருக்காது, அதுக்கு திருவிதாங்கூர் புஸ்தகத்தைத் தேடணும். 1956 நவம்பர் 1ஆம் தேதி மொழிவாரி மாநிலம் பிரிக்கிறப்பதான் கன்னியாகுமரிப் பக்கத்து நாலு தாலுகாவோட செங்கோட்டையும் சென்னை ராஜ்ஜியத்துக்கு வந்துச்சு. அதுவரைக்கும் எல்லை பிரானூர்ல, இன்னைக்கும் அந்த ஸ்டாப்புக்கு பார்டர்னுதான் பேரு, நெசமான எல்லை புளியரை தாண்டி மலை மேல போய் 70 வருஷம் ஆகப்போகுது.

நம்ம மூத்த உறுப்பினர் ஒருத்தர், வயசு எண்பதுக்கு மேல, பேரு போட வேண்டாம்னு சொல்லிட்டாரு, அவங்க தாத்தாவுக்கு வந்த ஒரு கவரை பிளாஸ்டிக் உறைக்குள்ள வச்சு கூட்டத்துக்குக் கொண்டு வந்தாரு. பழுப்பேறின கவர், மூலையில சங்கு போட்ட தபால்தலை. திருவிதாங்கூருக்கு அஞ்சல்னு தனித் தபால் இலாகா இருந்துச்சு, சக்கரம்னு தனிக் காசு இருந்துச்சு. அந்தத் தபால் இலாகா 1951ல இந்தியத் தபாலோட சேர்ந்துச்சு. தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் நடுவுல எட்டு கிலோமீட்டர் சுமார்தான், அதுக்குள்ள காசும் தபாலும் மாறுச்சு. அந்தக் கவரை அன்னைக்குக் கையில வாங்கிப் பார்த்தவங்க மிகக் கொஞ்சம் பேர், மத்தவங்க யாரும் வரலையேன்னு எனக்கு இன்னமும் வருத்தம். போட்டோ எடுத்து கையேட்டுல சேர்த்திருக்கேன்.

வாஞ்சிநாதன் செங்கோட்டைக்காரர், புனலூர்ல காட்டிலாகாவுல வேலை பார்த்தவர், 1911 ஜூன் 17 மணியாச்சியில கலெக்டர் ஆஷைச் சுட்டுட்டு தானும் உயிரை விட்டார், அது தொடர்பான வழக்கு நடந்தது இதே சென்னை ஐகோர்ட்டுல. பாரதி ஜெயில்ல இருந்து வெளிய வந்து 1918 கடைசியில இருந்து 1920 வரைக்கும் மனைவி செல்லம்மா ஊரான கடையத்துல இருந்துட்டுத்தான் மறுபடி சென்னைக்கு வந்தார். அதுக்கெல்லாம் ரொம்ப முன்னாடியே 1755ல நெற்கட்டும்செவல் புலித்தேவர் கும்பெனிப் படையை எதிர்த்து நின்னார். தென்காசிக் கோயிலைக் கட்டின பராக்கிரம பாண்டியன் கல்வெட்டுல, இந்தக் கோயிலைப் பிற்காலத்துல காத்து நிக்கிறவங்க காலில விழுந்து கும்பிடுறேன்னு சொல்லியிருக்கார். ஒரு ராஜா அப்படி எழுதி வச்சதை முதல் தடவை படிச்சப்ப எனக்குக் கண் கலங்கிருச்சு. கொல்லம் செங்கோட்டை மீட்டர்கேஜ் ரயில் 1904ல ஓட ஆரம்பிச்சதையும், கழுதுருட்டி பதிமூணு கண் பாலத்தையும், 2010ல அகலப்பாதைக்காக நிறுத்தி 2018லதான் மலைப்பாதை முழுசா திறந்ததையும் தனி அத்தியாயமா வச்சிருக்கேன்.

அவங்கவங்க சாதிக்குத் தனிப் பக்கம் ஒதுக்கணும்னு சில பேர் போன் பண்ணிக் கேட்டாங்க. முடியாதுன்னு சொல்லிட்டேன், இப்பவும் அதையேதான் சொல்றேன். இது மாவட்டத்தோட கையேடு.

ஜனத்தொகை. 2011 சென்சஸ் கணக்குப்படி 14,07,627 பேர். அப்ப தென்காசி மாவட்டமே கிடையாது, திருநெல்வேலி ஜில்லா கணக்குல இருந்து நம்ம தாலுகாக்களைப் பிரிச்சுக் கூட்டின எண் இது. 2021ல எண்ண வேண்டியது தள்ளிப் போய் 2027ல எண்ணப்போறாங்க, தென்காசி மாவட்டம்னு தனியா எண்ணுறது அதுதான் முதல் தடவை. 2011ல பிரிக்காத திருநெல்வேலியில 1,000 ஆணுக்கு 1,023 பெண். ஆம்பளைக கடை வைக்க சென்னை, பம்பாய், கேரளான்னு போயிட்டாங்க, கடையநல்லூர் பக்கம் வளைகுடாவுக்குப் போனாங்க, வீட்டுல இருந்த பொம்பளைக மடியில முறத்தை வச்சு பீடி சுத்தி பிள்ளைகளைப் படிக்க வச்சாங்க. இங்க உட்கார்ந்திருக்கிற நிறைய பேரோட ஸ்கூல் பீஸ் அந்தப் பீடி இலையில இருந்து வந்தது. சங்கரன்கோவில் விசைத்தறி, புளியங்குடி எலுமிச்சை, பாவூர்சத்திரம் காய்கறி மார்க்கெட்ல இருந்து மலையேறி கேரளாவுக்குப் போற லோடு எல்லாம் சேர்த்திருக்கேன், ஆனா பீடி சுத்தின அம்மாக்களைப் பத்தின பக்கம்தான் எனக்கு முக்கியம். அதுக்கு ஒவ்வொரு வீட்டுல இருந்தும் ஒரு போட்டோ கேட்டிருந்தேன், வந்தது சொற்பம்.

இப்ப மனசுல உள்ளதைச் சொல்லிடுறேன். செயற்குழுக் கூட்டத்துக்கு திரும்பத் திரும்ப அதே முகங்கதான் வருது. கோரத்துக்கு வேண்டிய குறைஞ்சபட்ச ஆள்கூட இல்லாம ஒரு கூட்டத்தைத் தள்ளி வைக்க வேண்டியதாச்சு. குரூப்ல கட்டைவிரல் போடுறவங்க நேர்ல வரமாட்டேங்கிறாங்க. தூரம் இருக்கு, கடையை விட்டு வர முடியாது, எல்லாம் எனக்கும் தெரியும், நானும் கடை வச்சிருக்கிறவன்தான். ஆனா அம்பத்தூர்ல இருந்து எழுபது வயசு அக்கா ரெண்டு பஸ் மாறி வர்றாங்க, பக்கத்துத் தெருவுல இருக்கிறவங்க வர்றதில்ல, இதை எப்படி எடுத்துக்கிறது. சந்தா நிலுவை இதைவிட மோசம், சில பேரு மூணு வருஷமா பாக்கி. கல்யாண மண்டபம் பேசி முடிக்க, ஆஸ்பத்திரியில ரத்தம் ஏற்பாடு பண்ண, உடலை ஊருக்கு அனுப்ப வண்டி பிடிக்கன்னா சங்கத்துக்குத்தான் முதல் போன் வருது, நாங்களும் சந்தா கட்டியாச்சான்னு ஒருத்தரையும் கேட்டதில்ல, இனிமேலும் கேக்க மாட்டோம். ஆனா நீங்களா நினைச்சுப் பாக்கணும்.

வரவு செலவை பொருளாளர் தனியா வாசிப்பாரு, ஆடிட்டர் கையெழுத்து ஆயிருச்சு. பொதுவா சொன்னா செலவு வரவை ஒட்டி நிக்குது, கையிருப்பு போன வருஷத்தைவிடக் குறைவு, கையேட்டுக்கான டைப்பிங், போட்டோ ஸ்கேன் செலவு அதுல அடக்கம். பில் எல்லாம் பைலில இருக்கு, யார் வேணும்னாலும் பாக்கலாம். 1975 தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவுத்துறையில தாக்கல் பண்ண வேண்டியதை உரிய காலத்துல பண்ணிட்டோம்.

தலைவருக்கும், பொருளாளருக்கும், ஹாலை குறைஞ்ச வாடகைக்குக் கொடுத்தவங்களுக்கும், பரிசுக்கு நன்கொடை கொடுத்த அண்ணாச்சிமாருக்கும், சாப்பாடு ஏற்பாடு பண்ணின மகளிர் அணிக்கும், ராத்திரி முழிச்சு டைப் பண்ணிக் கொடுத்த தம்பிமாருக்கும் நன்றி.

அடுத்த வருஷம் செயலாளர் பொறுப்பை யாராவது இளவட்டம் எடுத்துக்கிட்டா சந்தோஷமா ஒப்படைப்பேன், கையேட்டை மட்டும் முடிச்சுட்டுப் போக அனுமதி கேக்குறேன். அச்சுக்குப் போக பணம் பத்தல. நிலுவைச் சந்தா பாதி வந்தாலே போதும், தனி வசூல் வேண்டியிருக்காது. புரூப் பிரதி ஒன்னு சங்க ஆபீஸ் மேஜையில இருக்கும், ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வந்து அவங்கவங்க தாலுகாவைப் படிச்சுத் திருத்தம் எழுதுங்க. ஏழு தாலுகாவுக்கு ஆள் கிடைச்சுட்டாங்க. திருவேங்கடத்துக்கு மட்டும் இன்னும் யாரும் வரல, நாலு பக்கம் வெறுமனே விட்டு வச்சிருக்கேன். அந்தப் பக்கத்துக்காரங்க நம்ம சங்கத்துல இருக்கீங்க, உங்க ஊர் குளம், கோயில், பள்ளிக்கூடம், முன்ன பருத்தி போட்ட காடு, தெரிஞ்சதைச் சொல்லுங்க. எழுத வராதுன்னா போன்ல சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்