ராத்திரி எட்டரைக்கு வேலை முடிச்சு வர்றவங்க எங்க போயி நடக்கறதுங்க?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல உடம்பு குறைக்கறதப் பத்தி ஒரு பக்கம் முழுசா போட்டிருந்தீங்க, ஓட்ஸ், பாதாம், ஆலிவ் ஆயில், கிரீன் டீ, அப்பறம் ஜிம்முக்கு போங்கன்னு. தப்புன்னு சொல்லலைங்க. ஆனா நான் திருப்பூர்ல பனியன் கம்பெனில ஓவர்லாக் டெய்லர், வாரச் சம்பளம், காலைல எட்டரைக்கு மிஷின்ல உக்காந்தா ஒன்றரை ஷிப்டு முடிச்சு எந்திரிக்கறப்ப ராத்திரி எட்டரை ஆயிரும். என்னை மாதிரி ஆளுங்களும் அந்தப் பக்கத்த படிக்கறோம், படிச்சுட்டு இது நமக்கில்லைன்னு மடிச்சு வெச்சர்றோம். அதனாலதான் எழுதறேன்.

எனக்கு 43 வயசு. போன தை மாசம் 78 கிலோ இருந்தேன், முட்டி வலி தாங்காம கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கு போனப்ப, 1 கிலோ குறைச்சீங்கன்னா நடக்கறப்ப முட்டி மேல விழற பாரம் 4 கிலோ குறையும்னு டாக்டரம்மா சொன்னாங்க, அது மனசுல அப்படியே நின்னுருச்சு. இப்ப 69 கிலோ, பத்து மாசம் ஆச்சு. மொதல்ல தெரிஞ்சவங்க சொன்னாங்கன்னு 2,400 ரூபா குடுத்து ஒரு பவுடர் டப்பா வாங்கி குடிச்சேன், 2 கிலோ குறைஞ்சுது, நிறுத்துன மறு மாசமே ஏறிருச்சு. முட்டை 6 ரூபான்னு வெச்சா அந்தக் காசுக்கு 400 முட்டை வாங்கிருக்கலாம், எம் புள்ளைங்க ரெண்டும் தின்னுருக்கும்.

நெசமா குறைஞ்சது எண்ணெயிலதானுங்க. நாலு பேருக்கு மாசம் 4 லிட்டர் ஆயிட்டிருந்துச்சு, பாக்கெட்ட வெட்டி அப்படியே வடச்சட்டில சாய்க்கற பழக்கம். 1 லிட்டர் எண்ணெயில 8,000 கலோரிக்கு மேல இருக்குதுங்க. இப்ப ஞாயித்துக்கிழமை ஒரு பாட்டில்ல அரை லிட்டர் மட்டும் ஊத்தி, கம்பெனி செக்கிங்ல துணில டேமேஜ் எங்கன்னு காட்ட ஒட்டுவமே செவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர், அத பாட்டில் மேல ஏழு எடத்துல ஒட்டி வெச்சிருக்கேன், ஒரு நாளைக்கு ஒரு ஸ்டிக்கர் வரைக்கும்தான் எறங்கணும். புதன்கிழமை பூரி கேட்டு சின்னவன் அழுதான்னா வியாழன் வெள்ளி ரெண்டு நாளும் குழம்பு, ரசம்தான். மாசம் 2 லிட்டர்ல நின்னுருச்சு, ரேஷன் பாமாயில் 25 ரூபாய்க்கு ஒண்ணு, கடைல ஒண்ணு, மிச்சக் காசுல முட்டை.

சோத்த நிறுத்தல, ரேஷன் அரிசிய விட்டா நாங்க எங்க போறது. டம்ளர்ல அளந்து போட்டுக்கறேன், 30 ரூபா ரேஷன் துவரம்பருப்ப தண்ணியா கரைக்காம கெட்டியா வெக்கறேன், தட்டுல பாதி கீரையோ பொரியலோ. கொழுத்தவனுக்கு கொள்ளுன்னு சொல்லி எங்க ஊர்ல வெறும் கொள்ளுத் தண்ணிய குடிச்சுட்டு கரையும்னு உக்காந்திருப்பாங்க, அது மட்டும் குடிச்சா கரையாதுங்க, ஆனா கொள்ளுப்பருப்பு கடைஞ்சு சாப்ட்டா சீக்கிரம் பசிக்காது, அது நெசம். பேக்கரி டீ அஞ்சு குடிச்சது இப்ப ரெண்டு, ஒரு டீக்கு ரெண்டு ஸ்பூன்னா அஞ்சு டீல 50 கிராம் சக்கரை, பப்ஸ் தேங்கா பன் தனி. எடை பாக்கற மிஷின் வாங்கல, டெய்லர் கைல இன்ச் டேப் இருக்குதே. இடுப்பு 39 இன்ச்லருந்து 35க்கு வந்திருக்கு, நம்மூரு பொம்பளைங்களுக்கு 80 சென்டிமீட்டர், அதாவது முப்பத்தொன்னரைக்குள்ள இருக்கணுமாம், இன்னும் தூரம் இருக்கு.

இதுக்கெல்லாம் காசு மிச்சமாகுதே தவிர செலவாகல. நடக்கறதுக்குத்தான் வழியில்ல. வாரத்துக்கு 150 நிமிசம் வேகமா நடக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. எங்க ஏரியா பார்க் ராத்திரி எட்டுக்கு பூட்டிருவாங்க, காலைல அஞ்சு மணிக்கு தொறக்கறப்ப நாங்க அடுப்படில நிக்கறோம், தண்ணி வேற அந்நேரத்துக்குத்தான் வரும். 2023ல மாவட்டத்துக்கு ஒண்ணுன்னு 8 கிலோமீட்டர் நடக்கற பாதை ஆரம்பிச்சாங்க, நல்ல விசயம், ஆனா காலைல நேரம் இருக்கறவங்களுக்குத்தான் அது ஆகும். நானும் கூட வேலை பாக்கற ரெண்டு பேரும் கம்பெனி வேன்லருந்து 2 கிலோமீட்டர் முன்னாடியே எறங்கி வீட்டுக்கு நடந்து வர்றோம், 25 நிமிசம், ஆறு நாளைக்கு கணக்கு சரியா வரும். அந்த ரோட்ல மூணு லைட்டு எரியறதில்ல, டாஸ்மாக் கடை ஒண்ணு இருக்கு, அங்க வந்ததும் மூணு பேரும் கைய புடிச்சுக்குவோம், பேச்ச நிறுத்திருவோம். மழை பேஞ்சா சாக்கடை எது ரோடு எதுன்னு தெரியாது, அந்த வாரம் நடை கிடையாது, முட்டி திரும்ப வலிக்க ஆரம்பிச்சிருது.

பார்க்க ராத்திரி பத்து வரைக்கும் தொறந்து வெச்சு, ரெண்டு லைட்டும் ஒரு வாட்ச்மேனும் போட்டா போதுமுங்க. இந்த ஊர்ல எட்டரைக்கு வேலை முடிச்சு வர்ற பொம்பளைங்க எத்தனை ஆயிரம் பேருன்னு மாநகராட்சிக்குத் தெரியாததில்ல. எங்க லைன் வீட்டுல 31 பேர் கையெழுத்து போட்டு மனு எழுதி வெச்சிருக்கோம், இந்தக் கடிதம் உங்க பேப்பர்ல வந்துச்சுன்னா அத வெட்டி மனுவோட பின் பண்ணி திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல குடுக்கலாம்னு இருக்கோம்.

இப்படிக்கு,
ஒரு ஓவர்லாக் டெய்லர்,
திருப்பூர்.