தீவன மூட்டையில் என்ன இருக்கிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

கோழித் தீவனத்தில் கொலிஸ்டின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைக் கலப்பதை மத்திய அரசு 2019 ஜூலையில் தடை செய்தது சரியான முடிவு. வேறு எந்த மருந்தும் கேட்காத நோயாளிக்குக் கடைசியாகக் கொடுக்கும் மருந்து அது. ஆனால் மருந்தை மட்டும் எடுத்துவிட்டு வளர்ப்பு முறையை மாற்றாத கொட்டகையில் குஞ்சுகளின் மூன்றாவது வாரத்தில் கழிச்சல், தரையில் பரப்பிய படுக்கை ஈரமாவது, எடைக் குறைவு எல்லாம் சேர்ந்தே வரும். ரத்தக் கழிச்சலில் புண்ணான குடலில்தான் குளோஸ்ட்ரிடியம் கிருமி எளிதாகப் பெருகும். படுக்கையைக் கிளறிவிட்டு, கையில் பிடித்தால் கட்டியாகாமல் உதிரும்படி வைக்க வேண்டும். மக்காச்சோளத்தின் ஈரம் 12 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும். அந்த நச்சு ஏறிய தீவனத்தில் மருந்துக்குப் பதிலாகச் சேர்க்கும் எந்தச் சேர்மானமும் எடுபடாது.

வேலூர் பக்கத்தில் பல ஆழ்துளைக் கிணறுகளில் வருவது கடின நீர். கிருமிகளைக் கட்டுப்படுத்தக் கோழிகளின் குடிநீரில் அமிலம் கலப்போம்; கடின நீருக்கு டப்பாவில் அச்சிட்ட அளவு போதாது. குழாய் வரிசையின் கடைசி நிப்பிளில் (கோழி கொத்திக் குடிக்கும் முனை) நீர் பிடித்து, அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 6-க்கு அருகில் வரும்வரை அளவைச் சரிசெய்ய வேண்டும். குளோரின் கலந்த நீரில் புரோபயாட்டிக் கரைத்தால் நல்ல கிருமிகள் செத்துப்போகும். இதைப் பலர் கவனிப்பதில்லை.

ஒப்பந்தப் பண்ணையில் தீவனம் நிறுவனத்துடையது, எடை குறைந்தால் கூலி குறைவது பண்ணையாளருக்கு. எனவே மூட்டையில் சேர்மானத்தின் பெயர், டன்னுக்கு எத்தனை கிராம், விற்பனைக்கு எத்தனை நாள் முன் நிறுத்த வேண்டும் என்பதைத் தமிழில் அச்சிடுவதைக் கட்டாயமாக்க வேண்டும். தீவன மாதிரிகளை வேலூரிலேயே பெற்று நாமக்கல் ஆய்வகத்துக்கு அனுப்பவும் கால்நடைத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
கறிக்கோழிப் பண்ணையாளர்கள்,
காட்பாடி.