பனிமலைக்குப் போகும் பிள்ளைகளுக்கும் வழியனுப்பும் விழாக் குழுவுக்கும்

அன்புள்ள விழாக் குழுவினருக்கும், புறப்படத் தயாராகும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

இமயமலையில் கங்கோத்ரி பக்கம் ஆறாயிரம் மீட்டர் சிகரம் ஒன்றில் ஏற நம் கும்பகோணத்துப் பிள்ளைகள் கிளம்புவது எனக்கும் பெருமைதான். மலை என்றால் சுவாமிமலையின் அறுபது படிகள் என்று வளர்ந்தவர்கள் நாம். அதுவும் கட்டுமலை! ஆனால் "சிகரம் தொட்ட சிங்கங்கள்" என்று இப்போதே பேனர் அடித்தாயிற்று, பாராட்டு விழாவுக்கு மண்டபமும் பேசியாயிற்று என்று கேள்விப்பட்டதும் கொஞ்சம் பயம் வந்துவிட்டது. உத்தரகாசியில் அடிப்படை மலையேற்றப் பயிற்சி முடித்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

பயணத் திட்டத்தைப் பார்த்தேன். கங்கோத்ரியில் ஓர் இரவு, மறுநாளே அதற்கு மேலுள்ள போஜ்வாசாவில் தங்கல், அதற்கடுத்த நாள் இன்னும் மேலே தபோவனம். கங்கோத்ரி சுமார் 3,100 மீட்டர், போஜ்வாசா சுமார் 3,800, தபோவனம் 4,400 சொச்சம். 3,000 மீட்டரைத் தாண்டிவிட்டால் இரவு தங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வு நாள் வேண்டும் என்பது மருத்துவர்கள் பொதுவாகச் சொல்வது. இந்தத் திட்டம் அடுத்தடுத்து இரண்டு நாள் அதை மீறுகிறது. மூட்டையைச் சுமந்துகொண்டு திருச்சி மலைக்கோட்டை ஏறிப் பழகுகிறீர்களாம், நல்லது. அதில் கால் பழகும், காற்று மெலிந்த உயரம் உடலுக்குப் பழகாது. அதற்கு அங்கேயே போய்க் காத்துக் கிடப்பதுதான் வழி.

தலைவலி, குமட்டல் வந்தவன் "ஒன்றுமில்லை அண்ணே" என்று மறைப்பான். விடாதீர்கள். நடை தள்ளாடினாலோ, சும்மா படுத்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோக்கத் தொடங்கியிருக்கலாம். உடனே கீழே இறக்க வேண்டும். மாத்திரையும் ஆக்சிஜனும் அதற்குத் துணைதான், மாற்று இல்லை.

அப்புறம் பனியாறு, அதாவது மலையில் மெல்ல நகரும் பனிக்கட்டிப் பரப்பு. அதன் பிளவுகளின் மேல் புதுப்பனி மூடிக்கிடந்தால் கண்ணுக்கே தெரியாது. அதனால்தான் ஒரே கயிற்றில் பிணைந்து, இடைவெளி விட்டு நடக்கிறோம். புதியவர்கள் பேச்சுத்துணைக்கு முன்னவரை நெருங்கிவிடுவார்கள், மிஞ்சிய கயிற்றைக் கையில் சுருட்டிக்கொள்வார்கள். முன்னவர் பிளவில் விழுந்தால் அந்தத் தொய்வு அத்தனையும் அவர் கூடுதலாக விழும் ஆழம். கையில் சுற்றிய கயிறு விரல்களையும் நெரித்துவிடும். இப்படிக் கயிற்றில் நடக்கும் முறையை மட்டும் காவிரி மணலிலேயே பழகலாம், செலவில்லை. நள்ளிரவு தாண்டியதுமே கிளம்பச் சொல்வதும் பனி இறுகிக் கிடக்கும் நேரம் என்பதால்தான். வெயில் ஏறினால் இளகும், பிளவை மூடிய பனி உடையும், மேலிருந்து கல் உருளும். ஆகவே திரும்பும் நேரத்தை முன்பே குறித்துவிட்டு, உச்சி கண்ணுக்கெதிரே இருந்தாலும் திரும்பிவிட வேண்டும்.

2022 அக்டோபர் 4 அன்று திரௌபதி கா டண்டா சிகரத்தருகே பனிச்சரிவில் சிக்கியது உத்தரகாசி மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தின் குழுவே. 27 பேரின் உடல்கள் மீட்கப்பட்டன. 2024 ஜூனில் அதே உத்தராகண்டின் சகஸ்திர தால் ஏரிக்குப் போகும் பாதையில் பனிப்புயலில் மாட்டிய 22 பேர் குழுவில் 9 பேர் இறந்தார்கள். அது கயிறு கட்டி ஏறும் சிகரம்கூட இல்லை, நடைப்பயணம்தான்.

இந்த நிலையில் மேலே நிற்கும் பிள்ளைக்கு ஊரில் கட்டிய பேனர் ஞாபகம் வரக் கூடாது. நன்கொடை கொடுத்தவர்கள் முகம் வரக் கூடாது. நாகப்பட்டினம் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியபின் கடலுக்குப் போகாத மீனவரை யாராவது கோழை என்போமா?

எனவே விழாக் குழு அந்த பேனரை எடுத்துவிட்டு, மண்டபத் தேதியை ரத்து செய்யட்டும். அந்தக் காசில் கங்கோத்ரியில் ஒரு நாள், போஜ்வாசாவில் ஒரு நாள், வானிலைக்காக மேல் முகாமில் இரண்டு நாள் கூட்டுங்கள். ரயில் டிக்கெட்டையும் தள்ளிப் போடுங்கள். போதாத தொகைக்கு என் பங்கைத் தருகிறேன். திரும்பலாம் என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு என்பதை எழுதி, எல்லோரும் கையெழுத்திட்ட பிறகு வண்டி ஏறுங்கள்.

அன்புடன்,
உங்கள் நலம் விரும்பும் ஊர்க்காரன்,
கும்பகோணம்