புள்ளிமைனாவுக்கு ஒரு கடிதம்

மதுரை,
ஜனவரி 19

அன்புள்ள முத்துவுக்கு,

நலம். வீட்டில் அனைவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தீபாவளிக்கு நீ எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் எழுதவில்லை என்பது மனத்தை உறுத்திக்கொண்டேதான் இருந்தது. ஆனால் இன்று எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. 1998 மார்ச்சில் சாமநத்தம் கண்மாய்க் கரையில், கல்யாண முருங்கை மரத்தில் நீ பார்த்ததாகச் சொன்ன அந்தக் காமன் ஸ்டார்லிங் பறவையை நீ உண்மையிலேயே பார்த்திருக்கிறாய் என்று இப்போது நம்புகிறேன்.

மாட்டுப் பொங்கலன்று ஊரே பாலமேட்டுப் பக்கம் திரும்பியிருந்த காலை நேரத்தில், பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்காக அதே கரைக்குத் தனியாகப் போயிருந்தேன். கொம்புக்கு வண்ணம் பூசிய நாலைந்து மாடுகள் நீர் விளிம்புப் புல்லில் மேய, அவற்றின் காலடியில் எழும் வெட்டுக்கிளிகளைப் பிடிக்க முந்நூறுக்குக் குறையாத சூறைக்குருவிகள் (ரோசி ஸ்டார்லிங்) இறங்கியிருந்தன. பின்னால் இருப்பவை முன்னால் இருப்பவற்றைத் தாண்டித் தாண்டிப் பறந்து விழ, கூட்டமே பாய் சுருட்டுவதுபோல் நகரும் அந்தக் காட்சியை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பத்துப் பத்தாக எண்ணிக்கொண்டு வரும்போது, ஒன்று மட்டும் கூட்டத்தோடு ஓடாமல் பின்தங்கி நின்றது. மூடிய அலகை ஈர மண்ணில் செருகி, உள்ளேயே விரித்துத் துளையை அகலமாக்கி, அதற்குள் பார்த்துவிட்டு, அடுத்த இடத்துக்கு நகர்ந்தது. முத்து, எனக்குக் கை நடுங்கிவிட்டது. தலை முதல் வால் வரை கருப்பு. வெயில் பட்டபோது கழுத்தில் பச்சையும் ஊதாவுமாக மினுக்கம். முதுகில் மங்கிய பழுப்புப் பொட்டுகள், மார்பிலும் வயிற்றிலும் வெள்ளைப் பொட்டுகள். நீண்டு கூரான கருத்த அலகு. வட இந்தியாவில் குளிர்காலத்தில் சாதாரணமாகக் காணப்படும் காமன் ஸ்டார்லிங், தெற்கே இவ்வளவு தூரம் அபூர்வமாகவே வந்து சேரும் பறவை, பைனாகுலருக்குள் பதினைந்து நிமிடம் நின்றது.

இறகு மாற்றும் இளம் சூறைக்குருவியாக இருக்குமோ என்று, உன்னிடம் கேட்ட கேள்வியையே எனக்கும் கேட்டுக்கொண்டேன். இளம் சூறைக்குருவிக்கு உடல் மணல் நிறம், இடுப்பும் வெளிறியது, அலகு குட்டையாக, அடியில் மஞ்சளாக இருக்கும். இறகு மாறும்போது அங்கங்கே கருமை திட்டாகப் படியுமே தவிர, முதுகெல்லாம் ஒழுங்காகப் பொட்டு வைத்ததுபோல் வராது. ஆகவே இந்தப் பறவையைப் பற்றி எனக்குச் சந்தேகம் இல்லை.

சந்தேகமெல்லாம் அன்று நான் உன்னிடம் வைத்த வாதத்தைப் பற்றித்தான். "ஸ்டார்லிங் என்றால் பொட்டுகள் எங்கே? அலகு ஏன் மஞ்சள்?" என்று டீக்கடையில் எல்லோர் முன்னாலும் மடக்கினேன், நீ வாயடைத்துப் போனாய், புள்ளியில்லாத பறவையைப் பார்த்தவனுக்குப் 'புள்ளிமைனா' என்று பெயர் வைத்ததும் நான்தான். அந்தப் பொட்டுகள் தனி நிறமல்ல, புதிதாக முளைத்த இறகுகளின் நுனிகள் மட்டுமே. குளிர்காலம் முழுவதும் தேய்ந்து தேய்ந்து, வசந்தம் வரும்போது நுனிகள் உதிர்ந்து மினுக்கும் கருமை மட்டும் மிஞ்சும். இனப்பெருக்கக் காலம் நெருங்கும்போது கருத்த அலகும் மஞ்சளாக மாறும். ஜனவரியில் நான் பார்த்ததும் மார்ச்சில் நீ பார்த்ததும் ஒரே இனத்தின் இரண்டு பருவக் கோலங்கள். நீ தவறு என்பதற்கு நான் காட்டிய இரண்டு அடையாளங்களும் நீ சொன்னது சரி என்பதற்கான சாட்சிகளாக இருந்திருக்கின்றன. அன்று உன்னை நம்பாமல் போனதைவிட, அதன் பிறகு நீ கண்மாய்க்கு வருவதையே குறைத்துக்கொண்டாய் என்பதுதான் என்னை வாட்டுகிறது. மன்னித்துவிடு.

எதிர்வெயிலில் எடுத்த மூன்று படங்களில் ஒன்றுதான் தேறியது. இபேர்ட் பறவைப் பதிவுத் தளத்தில் பதிந்ததும், அபூர்வப் பறவை என்பதால் விவரம் எழுதச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். நேற்று இரவு இரண்டு பக்கம் எழுதினேன், அதை எழுதும்போதுதான் உன் பச்சை அட்டைக் குறிப்பேடு ஞாபகம் வந்தது. அதில் வயிறும் இடுப்பும் எந்த நிறம் என்று நீ எழுதியிருப்பாய். நீ எழுதாமல் விட்டவன் அல்ல. இரண்டும் கருப்பு என்று இருந்தால் இளம் சூறைக்குருவி என்ற பேச்சுக்கே இடமில்லை. பழைய தேதியிட்ட பட்டியலையும் அங்கே ஏற்றலாம் என்பதால், அந்தப் பக்கத்தைப் படமெடுத்து உடனே அனுப்பு. உன் கையெழுத்தைப் படிக்கும் கலை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

ஏப்ரலில் கூட்டம் மத்திய ஆசியப் புல்வெளிகளுக்குக் கிளம்பிவிடும். அதற்குள் ஒரு வாரம் ஓசூரிலிருந்து வந்து போ. நேற்று மாலையும் போனேன். கருவேல மரங்களில் அடைய வந்த கூட்டத்தில் அதைக் கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டு ஜோடிக் கண்கள் இருந்தால் முடியும். மார்ச் முதல் வாரம் வந்தால், நீ அன்று பார்த்த கோலத்தில் அதையே நாம் இருவரும் பார்க்க வாய்ப்பு உண்டு.

உன் அன்புள்ள,
ராசு