பரணில் கிடக்கும் மடிக்கணினிகளை எடைக்குப் போட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அம்பாசமுத்திரத்தில் இருபத்தாறு ஆண்டுகளாகத் தட்டச்சுக் கடை நடத்தி வருகிறேன். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு ஜெராக்ஸ் இயந்திரம், ஒரு மடிக்கணினி, இவ்வளவுதான் கடை. பத்திர நகல், பட்டா மாறுதல் மனு, பீடி சுற்றும் பெண்களின் பி.எப். விண்ணப்பம், அவர்கள் பிள்ளைகளின் கல்வி உதவித்தொகை என்று தினமும் யாராவது படியேறி வருவார்கள். பிசான நடவு தொடங்கிவிட்டால் பயிர்க் காப்பீட்டுக்காக விவசாயிகளும் அடங்கல் நகலோடு வந்து நிற்பார்கள்.

கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளான இயங்குதளங்களில் ஒன்று விண்டோஸ் 10. அதற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிகிறது என்ற செய்தியை நாளிதழில்தான் படித்தேன். அதன் பிறகு பாதுகாப்புத் திருத்தங்கள் வராது, விரும்புவோர் பதிவு செய்து ஓராண்டு நீட்டித்துக்கொள்ளலாம் என்றும் அதில் இருந்தது. என் கடைக் கணினி 2016இல் வாங்கியது. அது ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டிருந்தது. காலையில் பொத்தானை அழுத்திவிட்டு, வாசல் தெளித்து, விளக்கேற்றிவிட்டு வந்து பார்த்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். திருநெல்வேலிக்குப் பஸ் ஏறி ஒரு கடையில் கொண்டுபோய்க் காட்டினேன். அங்கிருந்தவர் மூடியைத் திறக்கக்கூட இல்லை. மாடல் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு, “இதில் விண்டோஸ் 11 ஏறாது அம்மா, எடைக்குப் போட்டுவிட்டுப் புதிது வாங்கிக்கொள்ளுங்கள்” என்றார். அவர் காட்டிய புதியதன் விலை 42,000 ரூபாய். ஒரு பக்கம் தட்டச்சு செய்ய நான் வாங்குவது 30 ரூபாய். ஆயிரத்து நானூறு பக்கம் அடித்தால்தான் அந்தப் பணம் கைக்கு வரும்.

அவர் சொன்ன விவரத்தில் பிழை இல்லை. விண்டோஸ் 11 இயங்க டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் செயலி என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். என்னுடையது ஆறாம் தலைமுறை. ஆனால், விண்டோஸ் 11 ஏறாது என்பதால் அந்த இயந்திரமே செத்துவிட்டது என்று ஒரு வாடிக்கையாளரிடம் சொல்வது சரியில்லை. அதை எதிர்த்துத்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

என் அண்ணன் மகள் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். தீபாவளிக்கு வந்தவளிடம் இதைச் சொன்னேன். “அத்தை, இயந்திரம் நன்றாகத்தான் இருக்கிறது. உள்ளே ஓடும் இயங்குதளத்தை மாற்றி லினக்ஸ் போட்டால் போதும்” என்றாள். ஆனால் பிழைப்புக்கு இருக்கும் ஒரே கணினியில் கை வைக்க எனக்குப் பயம். “வேறு பழைய கணினி ஏதாவது இருந்தால் முதலில் அதில் போட்டுப் பார்ப்போம்” என்றாள். அப்போதுதான் பரண் நினைவுக்கு வந்தது.

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. என் மகன் பிளஸ் டூ படித்தபோது, 2012இல் அவனுக்கும் ஒன்று கிடைத்தது. அவன் வேலைக்கு வெளியூர் போனபோது அதைத் தலையணை உறைக்குள் போட்டு, இரண்டு அந்துருண்டையும் வைத்துப் பரணில் ஏற்றியிருந்தேன். இறக்கிய உடனே அண்ணன் மகள் அதைக் கவிழ்த்து பேட்டரியைப் பார்த்தாள். பழைய பேட்டரி உப்பியிருந்தால் மின்சாரம் கொடுக்கவே கூடாது, கழற்றிவிட வேண்டுமாம். நல்லவேளை, உப்பவில்லை. அதில் சார்ஜ் நிற்கவில்லை, அவ்வளவுதான். சார்ஜரைச் செருகிப் பொத்தானை அழுத்தினோம். கறுப்புத் திரையில் இரண்டு பெயர்கள் வந்து நின்றன. ஒன்று விண்டோஸ். மற்றொன்று பாஸ் லினக்ஸ்.

அந்த இரண்டாவது பெயரைப் பார்த்ததும் அவள் துள்ளிவிட்டாள். மத்திய அரசின் கணினி ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கி 2007இல் வெளியான இந்திய இயங்குதளம் அது. டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாக வைத்து உருவாக்கியது. ஆக, பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பே அரசு எங்கள் வீட்டுக்கு லினக்ஸைக் கொடுத்திருக்கிறது! மகனுக்குத் தொலைபேசியில் பேசினேன். “அதைத் திறக்கத் தெரியாதம்மா. யாரும் சொல்லித் தரவும் இல்லை. வகுப்பில் நிறையப் பேர் கடையில் 300 ரூபாய் கொடுத்து அதை அழித்துவிட்டார்கள். என்னிடம் 300 ரூபாய் இல்லை, அதனால் அப்படியே கிடந்தது” என்றான். அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். ஆனால் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து காட்டிக் கொடுக்க ஓர் ஆள் இல்லாததால், எத்தனை வீட்டில் அது அழிந்து போயிற்றோ.

ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கியது லினக்ஸ். அதற்கு முன்பே, 1983இல், ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடங்கிய குனு திட்டத்தின் மென்பொருள்களும் அதோடு சேர்ந்தன. மென்பொருள் எழுதப்பட்ட வரிகளான மூலநிரலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்குப் பகிரலாம். பணம் கட்ட வேண்டியதில்லை என்பதைவிட, இன்னொருவருக்கு நகல் எடுத்துக் கொடுப்பது குற்றமில்லை என்பதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

லினக்ஸில் பல வகை உண்டு. நாங்கள் தேர்ந்தெடுத்தது லினக்ஸ் மின்ட் என்ற வகையின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. பழைய கணினிக்குப் பாரம் குறைவு. அதன் 22ஆம் பதிப்புக்கு 2029 வரை திருத்தங்கள் வரும். கோப்பு ஏறக்குறைய 3 ஜிபி இருந்தது. என் கைப்பேசியின் ஒரு நாள் டேட்டாவில் அடங்காது என்பதால், எதிர் வீட்டு இணைய இணைப்பில் இரவு முழுக்க இறக்கினோம். மறுநாள் காலை அவள் ஏதோ கட்டளை கொடுத்தாள். எழுத்தும் எண்ணுமாக ஒரு நீண்ட வரிசை வந்தது. மொத்தம் 64. இணையதளத்தில் போட்டிருக்கும் வரிசையும் இதுவும் ஒன்றாக இருந்தால் கோப்பு பழுதில்லாமல் வந்திருக்கிறது என்று பொருளாம். தொடக்கத்திலும் முடிவிலும் நான்கு நான்கு பார்த்தால் போதும் என்றாள். நான் ஒப்பவில்லை. பத்திரத்தில் சர்வே எண்ணை ஒருவர் வாசிக்க மற்றவர் அசலைப் பார்த்துச் சரிபார்ப்பதுதான் எங்கள் தொழில் வழக்கம். ஓர் எண் மாறினால் அண்ணன் தம்பி பத்து வருடம் கோர்ட்டுக்கு அலைவார்கள். அவள் வாசித்தாள், நான் விரல் வைத்துப் பார்த்தேன். அறுபத்து நான்கும் சரியாக இருந்தன.

அதை 8 ஜிபி பென்டிரைவில் ஏற்றி, பரணிலிருந்து இறக்கிய கணினியைத் தொடங்கும்போது எப்12 விசையை அழுத்திப் பென்டிரைவிலிருந்து இயக்கினாள். இதில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. நிறுவுவதற்கு முன்பே முழு இயங்குதளத்தையும் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். உள்ளே இருக்கும் எதுவும் கலையாது. பிடிக்கவில்லை என்றால் உருவிவிட்டு எழுந்து போகலாம்.

இரண்டு சிக்கல் வந்தன. வைஃபை தெரியவில்லை. கைப்பேசியைக் கேபிளால் கணினியோடு இணைத்து, அதன் இணையத்தைக் கொண்டே வைஃபையை இயக்கத் தேவையான டிரைவர் மென்பொருளை இறக்கிக்கொண்டோம். அடுத்து, எந்த இணையதளத்தைத் திறந்தாலும் பாதுகாப்பற்றது என்றே உலாவி சொன்னது. அரை மணி நேரம் தேடிய பிறகு மூலையில் இருந்த தேதியைக் கவனித்தேன். பல ஆண்டுகள் பின்னால் இருந்தது. உள்ளே நாணயம் போல இருக்கும் சிறு பேட்டரி தீர்ந்துவிட்டால் கணினிக்குத் தேதி மறந்துவிடும். இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களோ தேதியை வைத்தே சரிபார்க்கப்படுகின்றன. பேட்டரியை மாற்றித் தேதியைத் திருத்தியதும் எல்லாத் தளங்களும் திறந்தன. வண்ணார்பேட்டையில் 500 ரூபாய்க்குப் பழைய 4 ஜிபி ராம் (நினைவகம்) ஒன்று வாங்கிச் செருகினோம். அதில் இருந்தது 2 ஜிபிதான்.

எனக்கு இருந்த பெரிய கவலை தமிழ். 1989இல் பாளையங்கோட்டையில் தமிழ்த் தட்டச்சு முதுநிலை தேறியவள் நான். இடது கை விரல்கள் ‘யளனக’ என்றுதான் உட்காரும். அதை இந்த வயதில் மாற்ற முடியாது. உள்ளீட்டு முறைகளின் பட்டியலைத் திறந்தாள். தமிழ்99 இருந்தது, ஒலிப்பு முறை இருந்தது, அவற்றோடு பழைய தட்டச்சு முறையும் இருந்தது. அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு நாற்காலியை எனக்குக் கொடுத்தாள். விசைகளைப் பார்க்காமல் ‘பெறுநர்’ என்று அடித்தேன். அப்படியே வந்தது. எந்த நாட்டில் யாரோ, கூலி எதிர்பார்க்காமல், தட்டச்சுப் பயிலகத்தில் படித்தவர்களையும் நினைத்து அதைச் சேர்த்து வைத்திருக்கிறார். அவருக்கு என் நன்றி.

பொங்கல் விடுமுறையில் கடைக் கணினியையும் மாற்றினோம். ஒன்பது ஆண்டு மனுக்கள், மாதிரிப் பத்திரங்கள், எழுத்துருக்கள் எல்லாவற்றையும் முதலில் இரண்டு இடத்தில் நகல் எடுத்தோம். இதை மட்டும் யாரும் தவிர்க்கக் கூடாது. நிறுவும்போது வட்டை முழுவதும் அழிக்கவா என்று கேட்கும், சரி என்று அழுத்திவிட்டால் பழையது திரும்ப வராது. ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு, 2,000 ரூபாய்க்குச் சற்றுக் கூடுதலான விலையில், அதைவிட வேகமான எஸ்எஸ்டி என்ற சேமிப்பகத்தைப் போட்டோம். நிறுவ அரை மணி நேரம்கூட ஆகவில்லை. இப்போது வாசல் தெளிக்கும் வாளியை எடுப்பதற்குள் கணினி தயாராகிவிடுகிறது. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் அடித்த கோப்புகள் முதலில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்தன. பழைய எழுத்துருவை நகலெடுத்துப் போட்டதும் ஆவணம் அடிக்கும் மென்பொருளான லிபர் ஆபிஸில் தமிழாகத் திறந்தன. வில்லங்கச் சான்று, பட்டா, சிட்டா எல்லாம் உலாவி வழியாகவே என்பதால் அவற்றில் ஒரு மாற்றமும் இல்லை.

லேசர் பிரிண்டர் மட்டும் ஒன்றரை நாள் பாடுபடுத்தியது. அதற்கான மென்பொருளைத் தேடிப் பிடித்து, மூன்று முறை நீக்கி நீக்கிப் போட்ட பிறகுதான் முதல் தாள் வெளியே வந்தது. வாங்கும் முன்பே லினக்ஸில் இயங்குமா என்று பிரிண்டர் கடையில் கேட்டுவிடுவது நல்லது. டேலியில் கணக்கு எழுதும் வியாபாரிகளுக்கு இதை நான் பரிந்துரைக்கவும் மாட்டேன். அது விண்டோஸுக்கென்று செய்தது. மிகப் பழைய 32 பிட் கணினிகளிலும் இந்தப் பதிப்பு ஏறாது.

போன மாதம் பீடி சுற்றும் அம்மா ஒருவர் மஞ்சள் பையில் ஒரு மடிக்கணினியைக் கொண்டுவந்தார். மூத்த மகளுக்கு அரசு கொடுத்தது. அவள் கல்யாணமாகிப் போய்விட்டாள். இளையவள் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். பழைய இரும்புக் கடையில் 400 ரூபாய்க்குக் கேட்கிறார்கள், கொடுத்துவிடவா என்று கேட்க வந்திருந்தார். வேண்டாம் என்று சொல்லி, பின்னேரம் அந்த இளைய பெண்ணை வரச் சொன்னேன். பென்டிரைவைக் கொடுத்து, நான் தொடாமல் அவளையே செய்ய வைத்தேன். இப்போது இரவில் அம்மா பீடித்தட்டோடு உட்கார, பக்கத்திலேயே அவள் அதில் பாடக் குறிப்பு அடிக்கிறாள்.

2025-26 நிதிநிலை அறிக்கையில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ தருவதாக அரசு அறிவித்தது. மகிழ்ச்சி. அவற்றில் லினக்ஸும் இருக்குமானால், கொடுக்கும் நாளிலேயே ஒவ்வொரு கல்லூரியிலும் ஒரு மணி நேரம் அதைத் திறந்து காட்ட ஏற்பாடு செய்ய வேண்டும். 2012இல் நடந்தது இந்தப் பிள்ளைகளுக்கும் நடக்கக் கூடாது.

நூலகத் துறைக்கும் ஒரு வேண்டுகோள். பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்திலும் ஊர்க் கிளை நூலகங்களிலும் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய கணினியோடு வருபவர்களுக்கு இரண்டு மேசை ஒதுக்கித் தாருங்கள். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களை அனுப்பினால் அவர்களே செய்து கொடுப்பார்கள். மின்சாரமும் ஒரு பென்டிரைவும் தவிர வேறு செலவு இல்லை.

அது நடக்கும் வரை, என் மேசை இழுப்பறையில் அந்த 8 ஜிபி பென்டிரைவ் இருக்கும். பத்திரப் பதிவுக் கூட்டம் குறையும் பிற்பகல் வேளையில் யார் வந்து கேட்டாலும் தருகிறேன். நகல் எடுத்துக்கொண்டு திருப்பித் தந்தால் போதும்.

இப்படிக்கு,
தட்டச்சுக் கடை நடத்தும் வாசகி,
அம்பாசமுத்திரம்,
திருநெல்வேலி மாவட்டம்.