கேட்டுவிட்டுப் போடுங்கள்

அன்புள்ள கவிதை ஸ்லாம் ஒருங்கிணைப்பாளர்களுக்கு,

வணக்கம். போன மாத நிகழ்வில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மேடை போட்டது நீங்கள், மைக்கைக் கொடுத்தது நீங்கள், மூன்றாம் நாள் காலையில் நான் கவிதை சொன்ன வீடியோவை இணையத்தில் போட்டதும் நீங்கள். அதற்கப்புறம் நான் அனுப்பிய நான்கு செய்திகளும் உங்களிடம் இருக்கின்றன. முதல் மூன்றுக்கும் நீல டிக் விழுந்தது. நான்காவதற்கு ஓர் இதய எமோஜி வந்தது. அதற்கு என்ன பொருள் என்று தெரியாமல்தான் இந்த மடல்.

நான் கேட்பது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. மேடையில் ஒருவர் சொன்ன கவிதையை இணையத்தில் போடுவதற்கு முன்னால் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். போட்ட பிறகு அவர் எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுங்கள். அவ்வளவுதான்.

"படிவத்திலேயே இருக்கிறதே, நீங்கள்தானே டிக் போட்டீர்கள்" என்று உங்களில் ஒருவர் போனில் சொன்னார். உண்மைதான், போட்டேன். வாசலில் எனக்குப் பின்னால் பத்துப் பேர் நிற்கும்போது, பெயர், போன் நம்பர், முதல்முறை வருகிறீர்களா என்ற கேள்விகளுக்கெல்லாம் கீழே, ஏழாவது வரியில், 'நிகழ்வின் பதிவுகளை ஏற்பாட்டாளர்கள் பயன்படுத்திக்கொள்ளலாம்' என்பதற்கு நேராக ஒரு டிக். ஆனால் அந்த நிமிடத்தில் நான் எந்தக் கவிதையைச் சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. ஸ்லாம் என்கிற இந்த மேடைக் கவிதைப் போட்டிக்கு யாரும் ஒரே ஒரு கவிதையோடு வருவதில்லை. கைவசம் மூன்று நான்கு இருக்கும். முன்னால் போனவர் என்ன சொன்னார், கூட்டம் சிரிக்கத் தயாராக இருக்கிறதா, காது கொடுக்கத் தயாராக இருக்கிறதா என்று பார்த்து, படியேறும்போதுதான் எதை எடுப்பது என்று முடிவாகும். முதல் சுற்றில் நான் சொன்னது பல் டாக்டரைப் பற்றிய வேடிக்கைக் கவிதை. அதைத் தாராளமாகப் போடுங்கள், அந்தப் பல் டாக்டருக்கே அனுப்பினாலும் சரி. இரண்டாவது சுற்றில்தான் குழாய்க் கவிதையை எடுத்தேன். சொல்வேனா மாட்டேனா என்று எனக்கே தெரியாத கவிதைக்கு வாசலிலேயே எப்படிச் சம்மதம் கொடுத்திருக்க முடியும்?

அதை எடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. எனக்கு முன்னால் வந்த பையன் தன் திக்குவாயைப் பற்றிச் சொன்னான். பாதியில் ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டான். யாரும் சிரிக்கவில்லை, யாரும் எடுத்துக்கொடுக்கவும் இல்லை. பின்வரிசையில் யாரோ தைரியம் கொடுப்பதுபோல் விரலைச் சொடுக்கினார்கள், அது மெல்ல மெல்ல முன்வரிசை வரைக்கும் வந்தது. அந்த ஒரு சொல் வெளியே வரும்வரை அறுபது பேரும் காத்திருந்தோம். இந்த அறையில் சொல்லலாம் என்று எனக்குத் தோன்றியது அப்போதுதான்.

கவிதை உங்களுக்குத் தெரியும். வேலையை இழந்த வருஷம் அப்பா குளியலறைக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டுத்தான் அழுவார். வாளி வழிகிற சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம் இருப்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருப்போம். முதல் இரண்டு நிமிடம் அதுதான். அப்புறம் கவிதை திரும்பும். அன்றைக்குத் துண்டோடு கதவுக்கு வெளியே நின்ற நான், பல வருஷம் கழித்து என் வீட்டுக் குளியலறையில் அதே மாதிரி குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்தது வரும். அழக் கற்றுக்கொடுத்தவர் அப்பாதான் என்று முடியும்.

நீங்கள் போட்டது ஐம்பது விநாடி. 'வாளி நிரம்பிடுச்சு அப்பா, வெளியே வாங்க' என்ற வரியில் வெட்டியிருக்கிறீர்கள். முழுக் கவிதைக்குள் அது ஒரு குழந்தையின் கெஞ்சல். அங்கேயே நிறுத்தினால் அது நக்கல். கவிதை திரும்புகிற இடத்துக்கு முன்னாலேயே கத்தரி விழுந்துவிட்டதால், பார்த்தவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு பிள்ளை மேடை ஏறி அப்பாவைக் காட்டிக்கொடுத்தது மட்டும்தான். மேலே 'அப்பாக்களும் அழுவார்கள்' என்று ஒரு தலைப்பு, இரண்டு அழுகிற முகங்களோடு.

அண்ணன் அதை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு, 'இது நீதானே? சூப்பர்' என்று எழுதியிருந்தான். அவன் முழுதாகப் பார்க்காமலே போட்டிருக்கிறான். சித்தப்பா பார்த்தார். அப்புறம் அப்பா பார்த்தார்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. சொல்கிற ஆளாக இருந்தால் அந்தக் கவிதையே வந்திருக்காது. அந்த வார இறுதியில் வீட்டுக்குப் போயிருந்தேன். அப்பா குளிக்கப் போனார். கதவு சாத்திய சத்தம் கேட்டது. குழாயைத் திறந்தார், அரை வாளி நிரம்பியிருக்கும், மூடிவிட்டார். அப்புறம் மக்கில் மொண்டு ஊற்றுகிற சத்தம் மட்டும் ஒவ்வொன்றாக, எண்ணிவிடலாம் போல, அவ்வளவு தெளிவாகக் கேட்டது. பதினோரு மக். இடையில் ஓர் இருமல்கூட இல்லை. வெளியே யாரோ காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே எழுபது வயசில் ஒருவர் குளிக்கிற சத்தம் அது. அன்றிலிருந்து அப்பா குழாயை ஓடவிடுவதே இல்லை என்று அம்மா சொன்னாள். எதற்கென்று அவள் கேட்கவும் இல்லை.

அப்பாவிடம் கேட்டுவிட்டா நான் அந்தக் கவிதையைச் சொன்னேன் என்று நீங்கள் திருப்பிக் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கேட்கவில்லை. அது எனக்கும் அவருக்கும் உள்ள கணக்கு, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் நான் சொன்னது ஒரு கதவு சாத்திய அறையில், அறுபது பேர் முகத்தைப் பார்த்து. நீங்கள் அந்தக் கதவைக் கழற்றிவிட்டீர்கள்.

விதி என்று வந்தால் நீங்கள் எவ்வளவு கறாரானவர்கள் என்று எனக்குத் தெரியும், அதற்காக உங்கள்மேல் மரியாதையும் உண்டு. மூன்று நிமிடம், மேலே பத்து விநாடி சலுகை, அதைத் தாண்டினால் பத்துப் பத்து விநாடிக்கு அரை மதிப்பெண் குறையும். அன்றைக்கு எனக்கு மூன்று நிமிடம் பதினான்கு விநாடி ஆனது. அரை மதிப்பெண் போனது, நான் வாய் திறக்கவில்லை. வாத்தியம் கூடாது, வேஷம் கூடாது, கையில் எந்தப் பொருளும் கூடாது, சொந்தக் கவிதையாக இருக்க வேண்டும். ஒரு குரலும் ஓர் உடம்பும் மட்டும் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும் என்பதுதானே இந்த விளையாட்டே. மேடையில் அதை அவ்வளவு கவனமாகக் காவல் காத்தவர்கள், நான் கீழே இறங்கியதும் என் குரலுக்கு அடியில் பியானோ ஓடவிட்டிருக்கிறீர்கள். 'குழாய்' என்று நான் சொல்கிற இடத்தில் தண்ணீர் கொட்டுகிற சத்தத்தையும் யாரோ சேர்த்திருக்கிறார். குழாய் என்றால் என்னவென்று மக்களுக்குத் தெரியாமல் போய்விடுமோ என்ற கவலைபோல. என் கூடுதல் விநாடிகளுக்கு அரை மதிப்பெண் என்றால், நீங்கள் வெட்டிப் போட்ட நூற்று நாற்பத்து நான்கு விநாடிக்கு உங்கள் கணக்குப்படியே ஏழு மதிப்பெண்ணுக்கு மேல் குறைக்க வேண்டும். அதை யாரிடம் போய்க் குறைப்பது?

மார்க் ஸ்மித் என்ற கட்டடத் தொழிலாளி 1986-இல் சிகாகோவின் கிரீன் மில் மதுக்கூடத்தில் ஸ்லாமை வாராவாரம் நடத்த ஆரம்பித்தார் என்று ஒவ்வொரு நிகழ்வின் தொடக்கத்திலும் சொல்கிறீர்கள். நல்லது. அவர் செய்தது என்ன? கேட்பவர்களைத் தூங்கவைத்த கவிதை வாசிப்புகளிலிருந்து கவிதையை வெளியே இழுத்து வந்து, குடிக்க வந்தவர்கள் முன்னால் நிறுத்தினார். பிடித்தால் கைதட்டலாம், பிடிக்காவிட்டால் கத்தலாம். கூட்டத்திலிருந்தே ஐந்து பேரைப் பிடித்து உட்காரவைத்து மதிப்பெண் போடச் சொல்வது, ஆக உயர்ந்ததையும் ஆகக் குறைந்ததையும் தள்ளிவிட்டு மீதி மூன்றைக் கூட்டுவது, முப்பதுக்கு எவ்வளவு என்று பார்ப்பது என்று இன்று நாம் செய்கிற எல்லாமே கேட்பவர் அதே அறையில் இருக்கிறார் என்பதை வைத்துத்தான். சொல்பவர் கேட்பவரின் முகத்தைப் பார்க்கிறார். வேண்டாமென்று பட்டால் ஒரு வரியை அங்கேயே விழுங்கிவிடலாம். நான்கூட அன்றைக்கு ஒரு வரியை விழுங்கினேன், முன்வரிசையில் ஒரு பெரியவர் கண்ணாடியைக் கழற்றியதைப் பார்த்துவிட்டு. வீடியோவில் எந்த முகத்தைப் பார்த்து எதை விழுங்குவது?

நம் மொழியின் பழைய பாட்டுகளின் அடிக்குறிப்பில் இன்னாரை இன்னார் 'பாடியது' என்றுதான் இருக்கும், 'எழுதியது' என்று இருக்காது. பாடியவர் பெயரோடு பாடப்பட்டவர் பெயரும் கூடவே நிற்கும். உங்கள் ஐம்பது விநாடியில் என் பெயரே தப்பாக இருக்கிறது. அதைத் திருத்த வேண்டாம், விடுங்கள், அந்த ஒரு தப்புக்கு மட்டும் நன்றி.

இவ்வளவு சொன்ன பிறகு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பல் டாக்டருக்கு எனக்குக் கிடைத்தது 22.8. குழாய்க்கு, அரை மதிப்பெண் போக, 27.9. இரவு ஏற ஏற மதிப்பெண்ணும் ஏறும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால்தானே நடுவர்களுக்குக் கை பழகட்டும் என்று முதலில் ஒருவரைப் போட்டியில் சேர்க்காமல் பலி கொடுக்கிறோம். அதைக் கழித்துப் பார்த்தாலும், காயத்துக்கு ஒரு விலை, சிரிப்புக்கு ஒரு விலை என்பது மறைவதில்லை. 'மதிப்பெண் முக்கியமில்லை, கவிதைதான் முக்கியம்' என்று மைக்கில் சொல்லிவிட்டு, மறுநாள் எதைத் தேர்ந்தெடுத்துப் போடுகிறீர்கள்? உங்கள் பக்கத்தைக் கீழே தள்ளிக்கொண்டே போனேன். சாவு, நோய், அடி, பிரிவு, மறுபடி சாவு. தொலைந்துபோன செருப்பைப் பற்றி ஒருவர் சொன்னாரே, அரங்கமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததே, அது எங்கே? காதல் கவிதை ஒன்றுகூடவா தேறவில்லை? அன்றைக்கு இடைவேளையில் ஒரு சின்னப் பெண் என்னிடம் வந்து, "அக்கா, எனக்குச் சொல்லிக்கிற மாதிரி எதுவுமே நடக்கலையே, நான் என்ன எழுதுறது?" என்று உண்மையான வருத்தத்தோடு கேட்டாள். அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது நாம்தான். நல்லபடியாக வளர்ந்த குற்றத்துக்காக ஒரு பிள்ளை மேடை ஏறாமல் போகிறது. சீக்கிரமே படிவத்தில் 'உங்கள் துயரம் என்ன, சுருக்கமாக எழுதவும்' என்று எட்டாவதாக ஒரு வரி சேர்த்துவிடுங்கள், வேலை மிச்சம்.

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். மன்னிக்க வேண்டும். கேட்க வந்ததற்கே திரும்புகிறேன்.

கேமராவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவின் ஹெச்.பி.ஓ. சேனல் 2002 முதல் 2007 வரை ஸ்போக்கன் வேர்டை, அதாவது மேடையில் சொல்கிற கவிதையை, தொலைக்காட்சியில் காட்டியதால்தான் எத்தனையோ பேர் இந்தப் பக்கம் வந்தார்கள். நானே வீடியோ பார்த்துத்தான் மூச்சை எங்கே நிறுத்துவது, மைக்கிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்பது என்று கற்றுக்கொண்டேன். ஆனால் அங்கே போனவர்களுக்குக் கேமரா இருப்பது தெரியும். அதற்கு என்று ஒரு கவிதையைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு போனார்கள். உங்கள் அரங்கில் கேமரா இருந்தது எனக்கும் தெரியும். மூலையில் சிவப்பு விளக்கோடு நின்றது. நிகழ்வின் நினைவுக்காக என்று நினைத்துக்கொண்டேன்.

ஆகவே, தயவுசெய்து. ஒருவர் மேடையிலிருந்து இறங்கி, தண்ணீர் குடித்து, மூச்சு நிதானமானதும், "இதைப் போடலாமா?" என்று கேளுங்கள். ஒவ்வொரு கவிதைக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். மறுநாள் இன்னொரு தடவை கேட்டால் இன்னும் நல்லது, ஏனென்றால் கைதட்டலின் சூட்டில் யார் கேட்டாலும் சரி என்றுதான் சொல்லத் தோன்றும். போடுவதாக இருந்தால் முழுதாகப் போடுங்கள். வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால், வெட்டிய துண்டைச் சொன்னவரிடம் முதலில் காட்டுங்கள். எடுக்கச் சொன்னால் அன்றைக்கே எடுங்கள். முடியுமா முடியாதா என்று ஒரு வரியில் பதில் எழுதுங்கள், இதயம் அனுப்ப வேண்டாம்.

இதை எழுதும்போதுகூட அந்த வீடியோ அங்கேதான் இருக்கிறது. இன்றைக்கு எடுத்துவிட்டீர்கள் என்றால், அண்ணனிடம் சொல்லிக் குழுவிலிருந்து நீக்கவைக்க வேண்டியது மட்டும்தான் எனக்கு மிச்சம்.

அடுத்த நிகழ்வுக்குப் பதிவு செய்திருக்கிறேன். பல் டாக்டரும், இன்னும் முடியாத ஒன்றும் கைவசம் இருக்கின்றன. குழாய் வராது. படிவத்தில் எல்லாவற்றையும் நிரப்பியிருக்கிறேன், ஏழாவது வரியை மட்டும் டிக் போடாமல் விட்டிருக்கிறேன். அதற்காகப் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இரண்டாவது சுற்றில் நான்காவதாக வந்தவர்