நியூரம்பெர்க்ல எங்களோட நடந்தவங்களுக்கு ஒரு பெரிய நன்றி

போன சனிக்கிழமை இங்க ஜெர்மனில இருக்குற நியூரம்பெர்க்ல வாக்கிங் டூருக்கு ஊர்லேர்ந்து வந்திருக்குற அப்பாவக் கூட்டிட்டுப் போனேன், அன்னிக்கே நன்றி எழுதணும்னு நெனச்சது ஆபீஸ் வேலைல தள்ளிப் போயிடுச்சு, மன்னிச்சுக்கோங்க. 

மொதல்ல எர்லாங்கன் அக்காவுக்கு. டிக்கெட் போட்டுக் குடுத்ததோட விடாம கூடவே வந்து, கைடம்மா சொன்ன ஒவ்வொண்ணையும் அப்பா காதுல தமிழ்ல சொல்லிட்டே நடந்தீங்க பாருங்க, நாலு மணி நேரம், தொண்டை என்னத்துக்கு ஆயிருக்கும்!

கைடம்மாவுக்கு என் அரைகுறை ஜெர்மன்ல தனியா எழுதிட்டேன், ஆனா இங்கயும் சொல்லணும். ஹாப்ட்மார்க்ட்ங்கிற பெரிய சந்தைச் சதுக்கத்துல மதியம் 12 மணிக்கு ஃப்ராவன்கிர்ஷே சர்ச் கடிகாரத்துல பொம்மைங்க வரும், நாலாம் கார்ல் பேரரசர் உக்காந்திருக்க ஏழு இளவரசர்களும் அவர மூணு சுத்து சுத்தி வணங்கிட்டுப் போவாங்க, எல்லாரும் ஃபோனத் தூக்கிட்டு நின்னோம். முடிஞ்சதும் அவங்க சொன்னாங்க, இந்த சர்ச் நிக்கிற எடத்துல முன்னாடி யூதர்களோட கோயில் இருந்துச்சு, 1349 டிசம்பர்ல அத இடிச்சு இங்கிருந்த யூதர்கள 500 பேருக்கும் மேல கொன்னாங்க, யூதர் வீடுகள இடிச்சுக்கலாம்னு அதுக்கு முந்தின மாசமே அனுமதி குடுத்தது இதே கார்ல்தான்னு. அக்கா அத தமிழ்ல சொன்னதும் அப்பா கொஞ்ச நேரம் மேலயே பாத்துட்டு "அப்போ அந்த பொம்மை ராஜா அதே ஆளா?"ன்னு கேட்டாரு. அதுக்கப்புறம் யாருமே ஃபோட்டோ எடுக்கல. 

கோட்டை மேட்டுல அப்பா முட்டி வலி தாங்காம நின்னப்ப கை குடுத்த அந்த ஸ்டூடண்ட் தம்பிக்கும், மடக்கு நாற்காலிய நீட்டுன பெரியவருக்கும் நன்றி. அந்தப் பெரியவர்தான் சொன்னாரு, பியர் வைக்கிறதுக்குன்னு பாறையக் கொடஞ்ச நெலவறைலதான் 1945 ஜனவரி 2 ராத்திரி அவங்கம்மா ஒளிஞ்சிருந்தாங்களாம், வெளிய வந்து பாத்தா தெருவே இல்லையாம். ரெண்டாம் உலகப் போர்ல அன்னிக்கு ராத்திரி நடந்த குண்டுவீச்சுலதான் பழைய ஊர்ல முக்காவாசிக்கு மேல போச்சு, இப்ப நாம பழசுன்னு வாயப் பொளந்து பாக்குறதுல நெறைய போருக்கப்புறம் கட்டுனது. 

கடைசில ட்ராம் புடிச்சு, ஹிட்லரோட நாஜிக் கட்சி பேரணி நடத்துன மைதானம். இதுக்கு நான் தயாரா இல்ல, அங்க செப்பெலின் மைதானம்னு ஒரு பகுதி, அதோட மேடைப் படிக்கட்டுல ஒருத்தர் சாண்ட்விச் சாப்பிட்டுட்டு இருக்காரு, ஒரு பையன் சுவத்துல டென்னிஸ் பந்து அடிச்சுட்டு இருக்கான், 1945 ஏப்ரல்ல அமெரிக்கக்காரங்க மேடை உச்சில இருந்த நாஜி சின்னமான ஸ்வஸ்திகாவ வெடி வச்சு தகர்த்தது இங்கதான்னு கைடம்மா கைய நீட்டிக் காட்டுறாங்க. 1935ல யூதர்களோட குடியுரிமையப் பறிச்ச சட்டம் வந்ததும் இந்த ஊர்லதான், பத்து வருஷம் கழிச்சு கோரிங் மாதிரி நாஜித் தலைவர்கள விசாரணைக் கூண்டுல ஏத்துனதும் இந்த ஊர்லதான். சொந்த ஊரப் பத்தி இவ்ளோவும் குரல் மாறாம சொல்றதுக்கு ஒரு தைரியம் வேணும், நானா இருந்தா கோட்டையோட நிறுத்தியிருப்பேன்.

திரும்புறப்ப பசிக்குதுன்னதும் ஓடிப் போய் மூணு குட்டி சாசேஜ் வச்ச பன் வாங்கிக் குடுத்த தம்பி, காசு வாங்காம ட்ராம் ஏறிட்டீங்க. அப்பா இன்னும் அதையேதான் சொல்லிட்டு இருக்காரு. அந்த விசாரணை நடந்த 600ம் நம்பர் கோர்ட் ரூமையும் பாக்கணுமாம், அடுத்த வாரம் போறோம், வர்றவங்க சொல்லுங்க.

அப்புறம், மழைல அப்பா தலைக்கு மேல யாரோ புடிச்ச அந்த நீலக் குடை எங்ககிட்டயே இருக்கு. யாரோடதுங்க?